இரண்டாவது கியரில் இன்னொரு கை

எங்கள் பழைய ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. காலை வணக்கம், பூப்படம், யாராவது செத்துப்போனால் கும்பிடும் கை என்று அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். போன மாதம் சங்கராபுரத்தில் சொந்தமாகக் கடை போட்டிருக்கும் ஒரு தம்பி அதில் பேசிப் பதிவு செய்து போட்டிருந்தான். பழைய சின்ன கார் ஒன்று வந்திருக்கிறதாம். "கியரு லொடலொடன்னு ஆடுதுண்ணே. செகண்டு விழுவுது. இன்னா பண்றது?" அவ்வளவுதான் கேட்டான். பாதிப் பேர் ஒரு வைத்தியம் சொன்னார்கள், மீதிப் பேர் வேறு வைத்தியம் சொன்னார்கள், கடைசியில் பேரன் எடுத்த இரண்டு பெரிய மனிதர்கள் வாடா போடா என்று பேசிக்கொள்ளும் அளவுக்குப் போய்விட்டது.

சண்டைக்குக் காரணம் அந்த 'விழுவுது'. கியர் விழுகிறது என்றால் எங்கள் தொழிலில் அது சரியாக உள்ளே போய் உட்காருகிறது என்று பொருள். 'விழ மாட்டேங்குது' என்றால் போகவில்லை. ஆனால் வண்டி ஓட்டுகிறவர்களில் பலருக்கு, போட்ட கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடுவதும் 'விழுந்துடுது'தான். ஒன்று நல்ல செய்தி. மற்றது, மலைப்பாதையில் இறங்கும்போது நடந்தால், உயிர் போகிற செய்தி. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் காலம் தள்ளிக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் மேஸ்திரி கோதண்டம் இந்தச் சொல்லை ஒர்க்‌ஷாப்புக்குள் தடை செய்திருந்தார். கச்சிராயபாளையம் ரோட்டில் தகரக் கூரை போட்ட இடம் அது. வண்டி கொண்டுவருகிறவர் "விழுது" என்று ஆரம்பித்தாலே கையை உயர்த்திவிடுவார். "உள்ள போவலியா, வெளிய வருதா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. விழுவுற கதை இங்க வாணாம்." யார் வந்தாலும் இதே கேள்விதான். அப்படித் தடை செய்தும் அந்தச் சொல் ஒரு முறை எங்களுக்குள்ளேயே புகுந்து வேலை காட்டியது. அதை எழுதச் சொல்லிக் குழுவில் உள்ள தம்பிகள் கேட்டார்கள். எழுதுகிறேன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். எழுதும்போதும் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் சவரிமுத்து. ஊர் எலவனாசூர்கோட்டை பக்கம். அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டக் கூலிக்குப் போனவர்கள். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை என்று தெரிந்ததும் கோயில் சாமியார் ஒருவர் சொல்லி மேஸ்திரியிடம் சேர்த்துவிட்டார்கள். முதல் சில வருடங்கள் கழுவினேன், துடைத்தேன், திட்டு வாங்கினேன். அதில் சொல்ல ஒன்றுமில்லை. எல்லா மெக்கானிக்கும் அப்படித்தான் வந்திருப்பான். முழங்கால் இரண்டும், வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்கும் குழிக்குள் இறங்க மாட்டேன் என்று சொன்ன பிறகுதான் வேலையை விட்டேன்.

மேஸ்திரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். குரலை உயர்த்தவே மாட்டார். கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். என்னைச் "சவரி" என்று கூப்பிட்டால் எல்லாம் சரி. "சவரிமுத்து" என்றால் எங்கேயோ ஒரு நட்டு முறுக்காமல் விட்டிருக்கிறேன். "வாங்க சார்" என்று கூப்பிட்டுவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. இன்னொரு குணம், சரியாகாத வண்டியை வெளியே விட மாட்டார். சாவியைச் சட்டைப் பையில் போட்டு அதன்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். இதனால் பல பேருக்கு அவர்மேல் வருத்தம் உண்டு. மலையில் ஜீப் ஓட்டியவர்களுக்கு ரொம்பவே உண்டு.

இனி கியர் ஆட்டத்துக்கு வருகிறேன். இப்போது கியர் ஆடுகிறது என்றாலே கியர்பாக்ஸை இறக்கு என்கிறார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான். பழைய சின்ன கார்களில் கியர் லிவர் நேராகக் கியர்பாக்ஸுக்குள் போவதில்லை. லிவருக்குக் கீழே ஒரு கம்பி இருக்கும். அது வண்டியின் அடிவயிற்றோடு முன்னால் போய்க் கியர்பாக்ஸைப் பிடிக்கும். கம்பி சேருகிற இடங்களில் சின்னச் சின்ன வளையங்கள் வைத்திருப்பார்கள், பிளாஸ்டிக்கோ ரப்பரோ, புஷ் என்போம். அவை தேய்ந்துவிட்டால் லிவர் கஞ்சிக்குள் விட்ட கரண்டி மாதிரி ஆடும். மூன்றாவது என்று நினைத்துத் தள்ளினால் ஐந்தாவதில் போய் நிற்கும்.

மேஸ்திரியின் முறை இது. என்ஜினை நிறுத்திவிட வேண்டும். ஒருவர் மேலே உட்கார்ந்து லிவரை மெல்ல, கியர் மாறாத அளவுக்கு மட்டும், முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். இன்னொருவர் குழிக்குள் நின்று ஒவ்வொரு மூட்டிலும் இரண்டு விரலை வைக்க வேண்டும், மூட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. இரண்டு விரலும் சேர்ந்தே அசைந்தால் அந்த மூட்டில் குறையில்லை. முதல் விரல் போய், இரண்டாவது விரல் ஒரு கணம் தாமதமாகப் போனால் அங்கேதான் புஷ் போயிருக்கிறது. டார்ச்சு லைட் தேவையில்லை. "கண்ணுக்கு அழுக்குதான் தெரியும், ஆட்டம் வெரலுக்குத்தான் தெரியும்" என்பார். தேய்ந்த புஷ்ஷைக் கழற்றினால் தூக்கிப்போட விடமாட்டார். துடைத்து, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, வேறெங்கோ பார்த்துக்கொண்டே உருட்டிக்கொண்டிருப்பார்.

அலமேலு முதல் தடவை வந்தபோதும் இப்படித்தான் செய்தோம். கல்வராயன் மலைமேல், கரியாலூரைத் தாண்டி உள்ளே போகும் ஒரு சிற்றூரிலிருந்து அவள் வந்தாள். நாற்பதுக்குள் இருக்கும். வண்டியைத் தானே ஓட்டி வந்தாள். வீட்டுக்காரர் காசி ஒரு காலத்தில் மலையில் ஜீப் ஓட்டியவர், எங்களுக்குத் தெரிந்தவர்தான். இரண்டு சிறுநீரகமும் கெட்டு, கள்ளக்குறிச்சி அரசு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் அவரை மலையிலிருந்து இறக்கிக் கொண்டுவந்து மெஷினில் படுக்க வைக்க வேண்டும். அந்த நேரத்துக்கு அவர்கள் ஊர்ப் பக்கம் பஸ் கிடையாது. வேறு வண்டி பிடித்தால் கட்டுப்படியாகாது. இந்தப் பழைய கார் நின்றால் அவருக்கு ரத்தம் சுத்தமாகாது. அவர் மெஷினில் படுத்திருக்கும் நாலு மணி நேரம்தான் வண்டி எங்கள் கையில் இருக்கும்.

"கியரு லொடலொடன்னு இருக்குதுங்க" என்றாள். விரல் வைத்துப் பார்த்தோம். லிவருக்கு அடியில் இருந்த புஷ் போயிருந்தது. மாற்றினோம். லிவர் கச்சிதமாக நின்றது. அவள் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கும்பிட்டுப் போனாள். புதிய புஷ் என்றால் வருடக்கணக்கில் வரவேண்டும். சில வாரங்களில் திரும்பி வந்தாள். அதே புஷ், மறுபடியும் போயிருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. கடைக்காரன் போலிச் சரக்கைக் கொடுத்துவிட்டான் என்று போனில் அவனைக் காய்ச்சினேன். வேறு கடையில் வாங்கிப் போட்டேன். மூன்றாவது தடவையும் வந்து நின்றாள்.

"இப்ப இன்னாம்மா?" என்றேன். என் குரலே சரியில்லை.

"மறுபடியும் ஆடுதுண்ணே. செகண்டு விழுந்துடுது."

மேஸ்திரியின் பழக்கம் எனக்கும் ஒட்டியிருந்தது. "செகண்டு உள்ள போவுதா, போவலியா?"

"போவுதுண்ணே. நல்லா போவுது."

போகிறது என்றால் விழுகிறது, விழுகிறது என்றால் நல்லது. நான் அதோடு விட்டுவிட்டேன். மற்றதைக் கேட்கவில்லை. குழிக்குள் இறங்கிப் பழைய புஷ்ஷைக் கழற்றி மேஸ்திரியிடம் நீட்டினேன். அவர் வழக்கம்போல ரோட்டைப் பார்த்துக்கொண்டு உருட்டினார். உருட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது.

"வாங்க சார்" என்றார்.

போனேன்.

"இதத் தொட்டுப் பாருங்க. ஆடி ஆடித் தேஞ்சா சுத்திலும் தேயும். இது எப்படி இருக்குது?"

தொட்டேன். ஓட்டை வட்டமாக இல்லை. ஒரே பக்கமாக நீண்டு முட்டை வடிவத்தில் இருந்தது.

"ஆட்டத்துல தேயல. இழுத்துத் தேஞ்சிருக்குது. முன்னாலேந்து கியர்பாக்ஸ் இழுக்குது. பின்னால, மேல, எவனோ லிவரப் புடிச்சிக்கினு வுட மாட்டேன்றான். நடுவுல மாட்டிக்கினு இது சாவுது. வண்டியில இன்னொரு கை இருக்குது சார்."

அலமேலுவைக் கூப்பிட்டார். "ஏம்மா, எறக்கத்துல கியர யாரு புடிக்கிறாங்க?"

"நான்தானுங்க ஓட்டுறேன்" என்றாள். தலை நிமிரவில்லை.

"ஓட்டுறது யாருன்னு கேக்கல."

மேஸ்திரி பழைய புஷ்ஷையே மாட்டச் சொன்னார். காசி மெஷினில் படுத்து அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. "மலையில கொஞ்ச தூரம் ஏறி எறங்கிட்டு வாங்க. இந்தம்மாதான் ஓட்டணும். நீங்க எடது பக்கம் குந்துங்க. கைய மடியில வச்சிக்கோங்க. இன்னா நடந்தாலும் கியரத் தொடாதீங்க" என்று என்னிடம் சொன்னார். இருபது வருடத்துக்கு மேல் அவரிடம் வேலை செய்திருக்கிறேன். அப்படி ஒரு உத்தரவை அதற்குமுன் கேட்டதில்லை.

கோமுகி அணையைத் தாண்டியதும் ஏற்றம் ஆரம்பம். ஏறும்போது ஒரு குறையும் இல்லை. லிவர் ஆடியது, ஆனால் போட்ட கியர் போட்ட இடத்தில் நின்றது. அவள் நன்றாகவே ஓட்டினாள். வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்தாள், ஹாரன் அடித்தாள், வெளிப்பக்கம் போகாமல் திருப்பினாள். காசி சொல்லிக்கொடுத்த ஓட்டு என்று தெரிந்தது. வண்டி திருப்ப வசதியான ஓரிடத்தில் திருப்பச் சொன்னேன். திருப்பிவிட்டு அப்படியே நிறுத்திவிட்டாள்.

"அண்ணே, எறக்கம் நீங்க ஓட்டுறீங்களா?"

"மேஸ்திரி உன்னத்தான் ஓட்டச் சொன்னாரு."

முந்தானையால் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டாள். கிளம்பினோம். இரண்டாவது கியர். என்ஜின் முனகிக்கொண்டே வண்டியைப் பிடித்து இறக்கியது. மலையில் இறங்கும்போது பிரேக்கை நம்பக்கூடாது, கியரைத்தான் நம்பவேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறி, தேவைப்படும் நேரத்தில் கால் சும்மா உள்ளே போகும். அதனால்தான் இரண்டாவது கியர் உயிர். நான் இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டேன். என் கண் லிவர்மேலேயே இருந்தது. அவள் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கும்போதெல்லாம் லிவர் தானாக முன்பக்கம் ஊர்ந்தது. யாரும் தொடவில்லை. மெல்ல, ஒரு விரற்கடை.

முதல் கொண்டை ஊசி வளைவில் இடது கையை எடுத்து லிவரை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் திருப்பினாள். அடுத்த வளைவு அதைவிடக் குறுகல். இரண்டு கையும் ஸ்டியரிங்குக்கு வேண்டும். திருப்ப ஆரம்பித்தாள். 'டக்'கென்று ஒரு சத்தம். என்ஜின் முனகல் நின்றுபோனது. வண்டி எடை இழந்த மாதிரி ஓட ஆரம்பித்தது. அதே நேரம் வளைவுக்குக் கீழே மரவள்ளிக் கிழங்கு ஏற்றப்போகும் காலி லாரி ஒன்று மூக்கை நீட்டியது. அவள் பிரேக்கை மிதித்தாள். பிரேக் வாசனை வந்தது. வண்டி குறைந்தது, ஆனால் போதவில்லை.

"புடிங்க" என்று கத்தினாள். அண்ணே என்றுகூடச் சொல்லவில்லை.

என் கை மேஸ்திரியை மறந்துவிட்டது. லிவரைப் பிடித்தேன்.

"ம்" என்றாள். கிளட்சை மிதித்திருந்தாள். பின்னால் இழுத்தேன், இரண்டாவது உள்ளே போனது. கிளட்சை விட்டாள். என்ஜின் அலறிக்கொண்டு வண்டியைப் பிடித்தது. லாரி கண்ணாடிக்கும் எங்கள் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு சாண் இடம் இருந்திருக்கும். லாரிக்காரன் ஏதோ திட்டிக்கொண்டே போனான். அவன் திட்டியது நியாயம்தான்.

நான் லிவரை விடவில்லை. அணை தெரிகிற வரைக்கும் பிடித்துக்கொண்டே வந்தேன். அப்போதுதான் அந்த இழுப்பு எனக்குத் தெரிந்தது. அவள் காலை எடுக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளேயிருந்து ஒரு முரட்டு ஆள் கம்பியைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தான். மிதித்தால் விட்டான். எடுத்தால் இழுத்தான். தோள்பட்டை வரைக்கும் வலித்தது. நான் ஸ்பேனர் பிடித்துக் காய்ப்பேறிய ஆள்.

சமதளத்துக்கு வந்ததும் ஓரமாக நிறுத்தினாள். நான் கேட்பதற்கு முன்பே அழ ஆரம்பித்துவிட்டாள்.

"அவருதான் புடிச்சிக்கினு வருவாரு. நான் 'ம்'னா இழுப்பாரு. மலை முழுக்க வுடமாட்டாரு."

"சொல்றதுக்கு இன்னா? மூணு தபா வந்தியே."

"சொல்லக்கூடாதுன்னாரு. உங்க மேஸ்திரிக்குத் தெரிஞ்சா சாவியப் புடுங்கிக்குவாரு, அப்பறம் மெஷினுக்கு எப்பிடிப் போறதுன்னாரு. விழுந்துடுதுன்னு மட்டும் சொல்லு, பொய்யும் இல்ல மெய்யும் இல்ல, அவங்களா புரிஞ்சிக்கினு ரிப்பேரு பண்ணட்டும்னாரு. டிரைவர் வூட்டு வண்டியில கியரக் கையால புடிச்சிக்கினு வர்றோம்னு வெளிய தெரிஞ்சா கேவலம்னாரு."

எங்கள் சொல்லை வைத்தே எங்களுக்குத் தண்ணி காட்டியிருக்கிறார் காசி. ஜீப் ஓட்டிய காலத்தில் பிரேக் சரியில்லை என்று மேஸ்திரி அவர் சாவியையும் பிடுங்கி வைத்தது உண்டு. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "அந்த ஆளுக்கு அறிவு இருக்குதா?" என்று கேட்டுவிட்டேன்.

"அது மட்டும் இல்லண்ணே" என்றாள். "எந்தக் கையால புடிக்கிறாரு தெரியுமா?"

இடது சீட்டில் உட்காருகிறவன் கியரைச் சோற்றுக்கையால்தான் பிடிக்க முடியும். அதில் என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. அவள் சொன்னாள். காசிக்கு இடது கைதான் பழக்கம். அதனால் டயாலிசிஸ் ஊசி போடுவதற்கான நரம்பைச் சோற்றுக்கையில் வைத்துத் தைத்திருந்தார்கள். ஒவ்வொரு முறையும் அந்த நரம்பில்தான் ஊசி இறங்கவேண்டும். அது ஓடிக்கொண்டிருந்தால்தான் மெஷின் ஓடும்.

"அந்தக் கையால ஒரு கொடம் தண்ணி தூக்கக்கூடாதுன்னு சிஸ்டர் சொல்லிக்கினே இருக்குது. போன தபா ரத்தம் சரியா வரல. கைல காது வச்சிப் பாத்துட்டு, ரத்தம் ஓடுற சத்தம் கம்மியாயிடுச்சி, இந்தக் கையால இன்னா பண்றீங்கன்னு கேட்டுச்சி. ஒண்ணும் பண்ணலன்னாரு. இது அடச்சிக்கினா கழுத்துல டியூப்பு போடணுமாம். எடது கை நரம்பு நல்லா இல்லியாம்."

நான் என் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டேன். சிவந்திருந்தது. அதே இழுப்பை, நரம்பு தைத்த கையால், ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு மனிதன் மலை முழுக்கத் தாங்கிக்கொண்டு வந்திருக்கிறான். திட்டியதை நினைத்து வெட்கமாக இருந்தது, அவர்மேல் கோபமும் போகவில்லை.

ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பியதும் மேஸ்திரியிடம் காசியின் கையைப் பற்றிச் சொல்லிவிட்டு, இழுப்பையும் சொன்னேன். "மிதிச்சா வுடுது, எடுத்தா இழுக்குது" என்றேன். அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"அப்ப கியர்பாக்ஸ் கியர வெளிய துப்பல. என்ஜினே சாயுது" என்றார்.

என்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கட்டி. அது வண்டியின் உடம்போடு இரும்பாக ஒட்டியிருக்காது. இரும்புத் தகட்டுக்கு நடுவில் தடித்த ரப்பர் வைத்த தாங்கிகள் அதைப் பிடித்திருக்கும். மவுண்டிங் என்போம். ஆக்சிலேட்டரை மிதித்தால் என்ஜின் ஒரு பக்கம் சாயப் பார்க்கும், விட்டால் மறு பக்கம். மவுண்டிங் ரப்பர் கிழிந்திருந்தால் என்ஜின் நன்றாகவே சாய்ந்து, கூடவே கம்பியையும் இழுத்துக்கொண்டு போகும். லிவர் உடம்பில், கம்பி என்ஜினில். கியர் கழன்றுவிடும். ஏற்றத்தில் சாய்வது வேறு பக்கம் என்பதால் ஒன்றும் தெரியாது.

குழியில் இறங்கிப் பார்த்தால் கீழ் மவுண்டிங் முழுசாக இருப்பது போலத்தான் தெரிந்தது. நின்ற வண்டியில் என்ஜின் எடை கிழிசலை மூடி வைத்திருந்தது. மேஸ்திரி வண்டிக்குள் உட்கார்ந்து லிவரைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கடப்பாரையைக் கொடுத்து என்ஜினை நெம்பினேன். ரப்பர் வாயைத் திறந்தது. உள்ளே என் சுண்டு விரல் போகும் அளவுக்கு இடைவெளி.

"லிவரு நடக்குது சவரி" என்று மேலிருந்து குரல் வந்தது. சார் போய்ச் சவரி வந்துவிட்டது.

ஆனால் அந்த மவுண்டிங் ஊரில் எந்தக் கடையிலும் இல்லை. பழைய வண்டி, சேலத்திலிருந்து வரவேண்டும், நாளை மாலை ஆகும் என்றார்கள். ஆஸ்பத்திரியில் மெஷின் நிற்கும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. மேஸ்திரி சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அலமேலு அவர் எதிரில் வந்து நின்றாள். "ஐயா, சாவியக் குடுங்க. ஏறும்போது ஒண்ணும் ஆவாது. ஊசி போட்ட ஒடம்போட அவர எங்க படுக்க வெக்கிறது?"

"ஏறிடுவ. நாளன்னிக்கு எப்பிடி எறங்குவ?"

"அவரு புடிச்சிக்குவாரு" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "நீங்க சாவிய வச்சிக்கினா மட்டும் எறங்கிடுவாங்களா? மெஷினு இல்லன்னா அந்த ஆளு செத்துடுவான், வண்டி பத்திரமா இங்க நிக்கும்" என்று மேஸ்திரியிடம் கத்தினேன். அவரை எதிர்த்து நான் அப்படிப் பேசியதில்லை.

அவர் என்னைப் பார்த்தார். "கத்துற நேரத்துல தியாகதுருகம் போயிட்டு வந்திருக்கலாம். அங்க பழைய இரும்புக்காரன்கிட்ட இதே வண்டி ஒண்ணு முள்ளுக்குள்ள கெடக்குது. கெளம்புங்க சார்."

பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். வண்டி இருந்தது. சக்கரம் இல்லை, சீட்டு இல்லை, மவுண்டிங் இருந்தது. போல்ட்டு துருப்பிடித்து அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி, தட்டி, ஸ்பேனரில் குழாய் சொருகி முறுக்கினேன். போல்ட்டு உடைந்தால் ரப்பரும் கிழியும் என்று தெரியும். அன்றைக்குச் சொன்ன செபத்தை நான் ஞாயிற்றுக்கிழமையில்கூடச் சொன்னதில்லை. கழன்றது. ரப்பர் இறுகிப்போயிருந்தது, ஆனால் ஒரு கீறல் இல்லை.

நான் திரும்பியபோது காசி வந்துவிட்டிருந்தார். அலமேலு ஷேர் ஆட்டோவில் அழைத்து வந்திருந்தாள். நாற்காலியில் சாய்ந்து, கட்டுப் போட்ட கையை மார்பில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். மேஸ்திரி அவருக்கு எதிரில் நின்றுகொண்டிருந்தார்.

"இன்னா காசி சார், நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டார். அந்த 'சார்' எனக்கு இல்லாமல் போனதில் ஒரு நிம்மதி.

காசி கட்டுப் போட்ட கையை இன்னொரு கையால் மூடினார்.

"கியர் கழண்டது என்ஜின் சாஞ்சதால. புஷ்ஷு போனது உங்க கையால. உங்க கை போறது எதனாலன்னு நீங்களே சொல்லுங்க."

"பொண்டாட்டி ஓட்டுற வண்டி, பத்திரமா எறக்கிக் கொண்டாரணும்ல மேஸ்திரி" என்றார் காசி.

என்ஜினுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, மவுண்டிங்கை மாற்றி, புதிய புஷ் போட்டேன். கடப்பாரையால் நெம்பினேன். லிவர் அசையவில்லை. இன்னும் பலம் கொடுத்து நெம்பினேன். அசையவில்லை. மேஸ்திரி சாவியைக் கொடுத்தார், என்னிடம் மட்டும் சொன்னார்: "இங்க நெம்புறது வேற, மலை நெம்புறது வேற. நாளன்னிக்குக் காலையில நீ மேல இருக்கணும்."

சொன்ன நாளில் விடியற்காலை கிளம்பும் முதல் பஸ்ஸைப் பிடித்துக் கரியாலூர் வரைக்கும் போய், மீதியை நடந்தேன். அலமேலு ஓட்ட, காசி இடது சீட்டில், நான் பின்னால். இறக்கம் ஆரம்பித்ததும் காசியின் சோற்றுக்கை தானாகப் போய் லிவர்மேல் நின்றது. தொடவில்லை, அரை அடி மேலே நின்றது.

"எடுங்க" என்றாள் அவள், ரோட்டைப் பார்த்தபடியே.

எடுத்தார். வளைவு வந்தது, திரும்பவும் போனது. "எடுங்கன்றேன்ல." இந்த முறை இடது கையால் அந்தக் கையை இழுத்துப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார். லாரி வந்த அந்தக் குறுகல் வளைவு வந்தது. அவள் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாள். என்ஜின் முனகியது. லிவர் லேசாக நடுங்கியது, நகரவில்லை. இரண்டு கையாலும் திருப்பினாள். அடுத்த வளைவும் அப்படியே. அணை வரைக்கும் இரண்டாவது கியர் இரண்டாவதிலேயே இருந்தது. எனக்கு ஓவென்று கத்தவேண்டும் போல இருந்தது. ஆனால் காசி சந்தோஷப்படுவார் என்று நினைத்தால், அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார். வீட்டில் வேலை பறிபோன ஆள் மாதிரி இருந்தது அவர் முகம்.

ஆஸ்பத்திரிக்குள்ளும் கூடவே போனேன். கையைப் பார்க்காமல் மேஸ்திரியிடம் என்ன சொல்வது? சிஸ்டர் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து, காசியின் கையைத் திருப்பி, ஸ்டெதாஸ்கோப்பை நரம்பின்மேல் வைத்தார். நகர்த்தி நகர்த்தி வைத்தார். நாங்கள் இரண்டு பேரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"சத்தம் இருக்குது. போன தபாவுக்கு இப்ப தேவலாம்" என்றார். "கைக்கு ரெஸ்ட் குடுத்தீங்களா?"

"குடுக்க வச்சிட்டாங்க" என்றார் காசி.

சிஸ்டர் ஊசியை எடுத்தார். காசி அலமேலுவைப் பார்த்தார். அவர் கேட்டது எனக்கும் கேட்டது.

"ஓட்டுறது நீ. கியரும் தானா நிக்குது. இனிமே அந்த வண்டியில எனக்கு இன்னா வேல?"

"ஊசி குத்திக்க ஆளு வாணாமா?" என்றாள் அலமேலு. "அந்த வேலயப் பாருங்க."

முதலில் சிரித்தது சிஸ்டர்தான். காசிக்கு உதடு துடித்தது, கண் நிறைந்தது, பிறகு அவரும் சிரித்துவிட்டார். "ஆடாதீங்க, ஆடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே சிஸ்டர் ஊசியை இறக்கினார். குழாய் சிவப்பாக ஓடியது.